தத்துப்பூச்சியின் உணர்கொம்பை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது எப்படி

தத்துப்பூச்சியின் முகத்தில், கண்களை ஒட்டி, முடி போல இரண்டு நீட்டிக்கொண்டிருக்கும். வெறும் கண்ணுக்கு அவ்வளவுதான் தெரியும். அவைதான் உணர்கொம்புகள். வாசனை, தொடுகை, ஈரம், வெப்பம் என்று அந்தப் பூச்சி அறிகிற பலவும் அவற்றின் வழியாகத்தான் வருகிறது.

பாகங்கள் மூன்று. அடியில் குட்டையான தடித்த துண்டு ஸ்கேப், அதன்மேல் இன்னொரு தடித்த துண்டு பெடிசெல், அதற்கப்புறம் நூலாக ஓடுவது ஃபிளாஜெல்லம். இந்த நூல் கொஞ்சம் இடுக்கி பட்டாலே ஒடியும், அதனால் உணர்கொம்பைத் தனியாகப் பிடுங்காதீர்கள். பூச்சியை ஃப்ரீசரில் வைத்துக் கொன்ற பிறகு தலையை முழுசாக வெட்டி எடுங்கள், கடைசி வரைக்கும் தலைதான் உங்களுக்குக் கைப்பிடி.

அடுத்தது சுத்தம் செய்வது. பலரும் அவசரமாகக் கடந்துபோகிற இந்த இடத்தில்தான் பாதி வேலை கெடுகிறது. தத்துப்பூச்சிகள் தங்கள் மால்பீஜியன் குழல்களில் (பூச்சிகளின் கழிவுநீக்கக் குழல்கள்) புரோக்கோசோம் என்ற நுண்ணிய உருண்டைகளைச் செய்து, கால்களால் உடம்பெங்கும் தேய்த்துக்கொள்ளும். பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான அளவு, தேன்கூடு மாதிரி அறை அறையாக மேற்பரப்பு, உள்ளே வெற்றிடம். நான் முதன்முதலில் எடுத்த படங்களில் உணர்கொம்பு முழுக்கக் குழிகள் தெரிந்தன, எல்லாம் வாசனைத் துளைகள் என்று நினைத்து ஒரு வாரம் எண்ணிக்கொண்டிருந்தேன், அப்புறம் ஒரு உருண்டை பாதி உதிர்ந்து அடியில் வழவழப்பான தோல் தெரிந்தபோதுதான் விஷயம் விளங்கியது. இந்த உருண்டைகள் தண்ணீரை ஒட்டவிடாது, ஆல்கஹாலிலும் கரைந்துபோகாது. அதனால் முதலில் ஒரு சொட்டு ட்வீன் அல்லது ட்ரைட்டன் (சோப்பு போன்ற நனைப்பான்கள்) கலந்த தண்ணீரில் தலையை நன்றாக நனைய விட்டு, அல்ட்ராசோனிக் தொட்டியில் சில விநாடிகள் மட்டும் வைத்து எடுத்துப் பாருங்கள். போதவில்லை என்றால் மறுபடி சில விநாடிகள். ஒரேயடியாக நிமிடக்கணக்கில் விட்டால் அழுக்கோடு உணர்முடிகளும் போய்விடும்.

சுத்தமானதும், திசு கெடாமல் நிலைநிறுத்த, 2.5 சதவீத குளூட்டரால்டிஹைடில் குளிர்ச்சியாக ஒரு இரவு. பிறகு 30, 50, 70, 90, 100 சதவீதம் என்று எத்தனால் படிகளில் ஏற்றி நீரை வெளியேற்றுங்கள். காற்றில் காயவிட்டால் மெல்லிய சுவருள்ள முடிகள் சப்பிப்போகும், ஆகவே மாதிரி சுருங்காமல் உலர்த்தும் கிரிட்டிக்கல் பாயிண்ட் ட்ரையர் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், இல்லையென்றால் எச்எம்டிஎஸ் (ஹெக்ஸாமெத்தில்டைசிலசேன்) திரவத்தில் ஊறவைத்து ஃபியூம் ஹூடுக்குள் ஆவியாக விடலாம். கார்பன் டேப்பில் ஒட்டும்போது மேல்பக்கம், கீழ்ப்பக்கம், பக்கவாட்டு என்று வெவ்வேறு தலைகளை வெவ்வேறு கோணத்தில் வையுங்கள். டேப்பில் பதிந்துபோன பக்கத்தை அப்புறம் பார்க்கவே முடியாது. தங்கப் பூச்சு மெல்லிசாக இருக்கட்டும். உணர்முடிகளின் சுவர்த்துளைகள் சில பத்து நானோமீட்டர்தான், தாராளமாகப் பூசினால் அவை அடைபடும், "இங்கே துளையே இல்லை" என்று எழுதிவிடுவீர்கள்.

சரி, இப்போது படம் திரையில் வந்துவிட்டது. ஒரு உணர்வுறுப்பு முடி மாதிரி இருந்தால் ட்ரைக்கோடியா, முளை மாதிரி இருந்தால் பேசிகோனிக்கா என்று உடனே பெயர் வைக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். வடிவம் ஏமாற்றும், அடியையும் நுனியையும் சுவரையும் பார்த்துத்தான் வேலை என்ன என்று சொல்ல வேண்டும். அடியில் அசையக்கூடிய கிண்ணம் போன்ற பொருத்து இருந்து, எங்கும் துளை இல்லையென்றால் பெரும்பாலும் தொடுகை அறிகிற முடி. அதே பொருத்து இருந்து நுனியில் ஒரே ஒரு துளை இருந்தால் சுவையும் சேர்ந்தது. சுவர் முழுக்கப் பொடித் துளைகள் இருந்தால் வாசனைக்கானது. முடியே இல்லாமல் சின்ன கவிழ்ந்த கிண்ணமாகத் தெரிவது கம்பானிஃபார்ம், தோல் அழுந்தி நெளிவதை அறிவது அது. குழிக்குள் முளை இருக்கிற சீலோகோனிக்காவை வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், அது வாசனைக்கும் இருக்கலாம், ஈரம் வெப்பத்துக்கும் இருக்கலாம். உள்நரம்பு இழைகளைப் பார்த்தால்தான் தெளிவு, அதற்கு ரெசினில் பதித்து சுமார் 70 நானோமீட்டர் கனத்தில் சீவி உள்ளமைப்பைக் காட்டும் டிரான்ஸ்மிஷன் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்குப் போக வேண்டும்.

அசைவை அறியும் ஜான்ஸ்டன் உறுப்பும் அப்படித்தான். பெடிசெல்லுக்குள்ளே உட்கார்ந்து ஃபிளாஜெல்லத்தின் ஒவ்வொரு அசைவையும் அறிகிறது, வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. நெற்பயிரைத் தாக்கும் புகையான் பூச்சியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அதன் பெடிசெல்லில் தட்டு தட்டாகத் தெரியும் பெரிய உணர்வுறுப்புகளைத் தத்துப்பூச்சியில் தேடாதீர்கள், இதற்கு அவை கிடையாது.

எண்ணும்போது ஆண், பெண் தனித்தனியாக, இடது, வலது தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். உதிர்ந்த முடியின் காலிப் பொருத்தையும் ஒன்றாகச் சேர்த்தே எண்ணுங்கள், அங்கே ஒரு முடி இருந்திருக்கிறது.