பஸ்லயும் ட்ரெயின்லயும் நம்ம ஸ்க்ரீன் நமக்கு மட்டும் தெரியணும்னா: ஏஆர் கண்ணாடிய செட் பண்ற விதம்

வந்தே பாரத் சேர் கார்ல ஒரு பக்கம் மூணு சீட்டு, இன்னொரு பக்கம் ரெண்டு. அந்த மூணுல நடு சீட்டு கிடைச்சு லேப்டாப்பைத் திறந்தா ரெண்டு பக்கமும் ஆளு, பின்னாடி சீட்டு இடுக்கு வழியா ஒருத்தர், ராத்திரின்னா ஜன்னல் கண்ணாடிலயும் நம்ம ஸ்க்ரீன் தெரியும். ஆபீஸ் கேப்ல இன்னும் நெருக்கம். நாம திறக்கிறது டீமோட சம்பள ஷீட்டாவோ பேஷன்ட் ரிப்போர்ட்டாவோ இருந்தா அது நம்மள நம்பி குடுத்தவங்களோட விஷயம், அதை ஊரே படிக்க விடுறது தப்புன்னு நான் உறுதியா நினைக்கிறேன். ப்ரைவசி ஃபிலிம் ஒட்டினா சைடுல இருக்கவங்களுக்கு கருப்பா தெரியும், ஆனா நேர் பின்னாடி இருந்து எட்டிப் பார்க்கிறவருக்கு எல்லாமே தெரியும். ஏஆர் கண்ணாடி, அதாவது கண்ணுக்கு முன்னாடியே ஸ்க்ரீனைக் காட்டுற மூக்குக்கண்ணாடி, அந்த ஓட்டையையும் அடைக்கும், ஒழுங்கா செட் பண்ணினா.

வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். நமக்கு வேணும்ங்கிறது எக்ஸ்ரியல், விச்சர், ரோகிட் மாதிரி கேபிள் போட்டு மானிட்டரா யூஸ் பண்ற கண்ணாடி. 2023ல வந்த ரேபேன் மெட்டால கேமராதான் இருக்கு, ஸ்க்ரீனே கிடையாது, பேரைப் பார்த்து குழம்பிடாதீங்க. அடுத்தது, உங்க போன், லேப்டாப்போட யூஎஸ்பி சி போர்ட்ல வீடியோ வெளிய வரணும், அதுக்கு டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்னு பேரு. ஐபோன்ல 15ல இருந்து சி போர்ட், அதுல வரும் (16ஈ மாதிரி சிலதுக்கு ஸ்பெக் பார்த்துக்கோங்க), சாம்சங் எஸ் சீரிஸ்ல வரும், விலை கம்மியான ஆண்ட்ராய்டு நிறையதுல சார்ஜ் மட்டும்தான் ஏறும். கேபிளும் கண்ணாடியோட வந்ததையே போடுங்க, சாதா சார்ஜிங் கேபிள் பலதுல வீடியோ போகாது.

இப்ப முக்கியமான இடம். கண்ணாடிய சொருகினதும் லேப்டாப் என்ன பண்ணும்னா பல நேரம் அதே படத்தை ரெண்டு இடத்துலயும் காட்டும், நீங்க கண்ணாடிக்குள்ள பார்த்துட்டு நிம்மதியா வேலை செய்வீங்க, மடியில இருக்க ஸ்க்ரீன் பளிச்சுன்னு எரிஞ்சிட்டே இருக்கும், பக்கத்துல இருக்கவர் அதைப் படிக்கிறதைக் கூட நீங்க கவனிக்க முடியாது. அதனால வின்டோஸ்ல வின்டோஸ் கீயோட பி அழுத்தி செகண்ட் ஸ்க்ரீன் ஒன்லி தேர்ந்தெடுங்க. மேக்புக்ல ப்ரைட்னஸை சுத்தமா சைபருக்கு இறக்கினா ஸ்க்ரீன் அணைஞ்சிடும், கீபோர்டு வழக்கம் போல வேலை செய்யும், பயணத்துக்கு அதுதான் சுலபம். சாம்சங்ல டெக்ஸ் மோட் (வெளி ஸ்க்ரீன்ல கம்ப்யூட்டர் மாதிரி காட்டுற வசதி) போட்டா போனை வெறும் டச்பேடா மாத்திக்கலாம், மறைக்கிறதுக்கு இதை விட நல்ல வழி நான் பார்க்கல. ஐபோன் ஸ்க்ரீனை ஆஃப் பண்ணினா கண்ணாடிலயும் போயிடும், அதனால ப்ரைட்னஸை அடிமட்டத்துக்கு இறக்கி போனை உள்ளங்கைப் பக்கமா சாய்ச்சு வைங்க, அவ்வளவுதான் முடியும்.

ஒரு ஆபத்து இருக்கு, யாரும் சொல்றதில்ல. பஸ் ஸ்பீட் ப்ரேக்கர்ல குதிக்கும்போது கேபிள் கழண்டா வின்டோஸ் உடனே எல்லாத்தையும் லேப்டாப் ஸ்க்ரீனுக்கே கொண்டு வந்துடும். அதுக்காகத்தான் செகண்ட் ஸ்க்ரீனுக்கு மாத்துறதுக்கு முன்னாடியே லேப்டாப் ப்ரைட்னஸை முழுசா இறக்கி வைக்கணும், கை பழக்கமா வின்டோஸ் கீயும் எல்லும் அழுத்தி லாக் பண்ணத் தெரிஞ்சிருக்கணும்.

அடுத்தது கண்ணாடில இருந்தே கசியுற வெளிச்சம். இதுல நிறைய மாடல் பர்ட்பாத்னு சொல்ற அமைப்பு, மேல இருக்க குட்டி ஸ்க்ரீனோட ஒளி, பாதியைத் திருப்பி பாதியை உள்ள விடுற கண்ணாடில பட்டு கண்ணுக்கு வருது, கொஞ்சம் முன்னாடி பக்கமும் வெளிய போயிடும். பகல்ல பிரச்சனை இல்ல, லைட் அணைச்ச ஸ்லீப்பர் பஸ்ல எதிர்ல இருக்கவருக்கு மினுமினுன்னு தெரியும். பெட்டியோட வர்ற கருப்பு கவரை முன்னாடி மாட்டிடுங்க, இல்ல எக்ஸ்ரியல் ஏர் 2 ப்ரோ மாதிரி கண்ணாடியே கருக்குற மாடல்னா அதை முழுசா கருக்கிட்டு ப்ரைட்னஸைக் குறைங்க. சத்தமும் கசியும், காது மேல உக்கார்ற காம்புல இருக்க ஸ்பீக்கர் திறந்தது, இயர்பட்ஸ் போட்டுடுங்க.

ஓடுற வண்டில படம் ஒரே இடத்துல நிக்காது. கண்ணாடிக்குள்ள இருக்க சென்சார் வண்டி திரும்புறதை உங்க தலை திரும்புதுன்னு எடுத்துக்கும், மலைப்பாதைல ஸ்க்ரீன் சைடுல நழுவிட்டே போகும், தலைசுத்தலும் வரும். படத்தை ஒரே இடத்துல நிறுத்தப் பார்க்கிற ஆங்கர் மோடை விட்டுட்டு ஃபாலோ மோட் போடுங்க, படம் முகத்தோடயே வரும். அப்பவும் குமட்டினா கழட்டிடுங்க, வண்டி நின்னப்புறம் பார்த்துக்கலாம். டிரைவர் சீட்டுல இருக்கவங்க இதை சிக்னல்ல கூட போடவே கூடாது.

பாஸ்வேர்டு விஷயத்துல கண்ணாடி ஒண்ணும் உதவாது, விரல் எங்க போகுதுன்னு கீபோர்டைப் பார்க்கிறவருக்குத் தெரியும், கைரேகை வச்சு உள்ள போங்க. சில பேங்க் ஆப் வெளி ஸ்க்ரீன்ல கருப்பாதான் வரும், அது ஆப்போட பாதுகாப்பு, அதுக்காக போன் ஸ்க்ரீன்ல திறந்து பார்க்காம இறங்கினப்புறம் பாருங்க. ஓடிபி லாக் ஸ்க்ரீன்ல முழுசா வர்றதையும் செட்டிங்ஸ்ல மறைச்சிடுங்க.

பவர் கண்ணாடி போடுறவங்க உள்ள மாட்டுற லென்ஸை முன்னாடியே செஞ்சு வாங்கிக்கணும், மேல மேல ரெண்டு கண்ணாடி உக்காராது. கண்ணாடி போட்டிருக்கும்போது சுத்தி நடக்கிறது பாதி தெரியாது, அதனால பையோட வாரை கால்ல மாட்டிக்கோங்க. கிளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரி வீட்டு லைட்டை அணைச்சிட்டு கண்ணாடியோட உக்காருங்க, வீட்டுல ஒருத்தரை முன்னாடி, பக்கத்துல, பின்னாடின்னு நிக்க வச்சு என்ன படிக்க முடியுதுன்னு கேளுங்க, அவங்க ஒரு வரி படிச்சாலும் மறுபடி ப்ரைட்னஸ்ல இருந்து ஆரம்பிங்க.