முதல் செல்: பாடம் நடத்தும்போதும் எழுதும்போதும் நுழைந்துவிடும் பிழைகள்

"மில்லர் கண்ணாடிக் குடுவையில் உயிரை உண்டாக்கினார்." இந்தப் பிழையை முதலில் களைய வேண்டும். 1952இல் சிகாகோவில், ஹெரால்டு யூரியின் ஆய்வகத்தில் ஸ்டான்லி மில்லர் செய்தது இதுதான்: ஒரு குடுவையில் தண்ணீர் கொதிக்கிறது. நீராவி மேலேறி, ஆதிப் பூமியின் காற்றுக்குப் பதிலாக மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன் நிரம்பிய இன்னொரு குடுவைக்குப் போகிறது. அங்கே இரண்டு மின்முனைகளுக்கு இடையே இடைவிடாமல் மின்பொறி பாய்கிறது. ஆவி குளிர்ந்து நீராகி மறுபடி கீழே வருகிறது. ஒரு வாரம் இப்படிச் சுழன்றபின் அந்த நீரில் கிளைசின், அலனின் போன்ற, புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்கள் இருந்தன. உயிர் இல்லை, புரதமும் இல்லை.

இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. "ஆதிப் பூமியின் வளிமண்டலத்தில் இருந்தவை பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும்தான், எனவே மில்லர் சோதனை செல்லாது" என்று மொத்தமாகத் தள்ளிவிடுவது. அத்தகைய காற்றில் விளைச்சல் குறைகிறது என்பது உண்மை. ஆனால் அங்கு உண்டாகும் நைட்ரைட்டுகள் அமினோ அமிலங்களை அழிப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அமிலத்தன்மை ஏறாமலும் ஆக்சிஜனேற்றம் நடக்காமலும் தடுத்தால் விளைச்சல் கணிசமாகக் கூடுவதை 2008இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மேலும், 1969இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் எழுபதுக்கும் மேற்பட்ட அமினோ அமில வகைகள் கிடைத்தன. அவை உருவாகப் பூமியின் காற்றே தேவைப்படவில்லை. இந்தக் கதையில் அமினோ அமிலம் கிடைப்பது கடினமான கட்டமே அல்ல. கடினமானவை அதற்குப் பிறகு வருகின்றன.

அடுத்தது "ஆதிக்கடல் சூப்". கடல் முழுவதும் கரைசலாக இருந்ததென்றும் அதில் மூலக்கூறுகள் தாமாக இணைந்தன என்றும் எழுதுபவர்கள் நீரின் குணத்தை மறந்துவிடுகிறார்கள். இரண்டு அமினோ அமிலங்கள் இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறியாக வேண்டும். சுற்றிலும் தண்ணீர் இருந்தால் வினை பிரியும் திசைக்கே சாயும். போதாக்குறைக்கு, அவ்வளவு பெரிய கடலில் எந்தப் பொருளும் செறிவடையாது. வெப்பமும் எதிரிதான்: டிஎன்ஏவின் உறவு மூலக்கூறான ஆர்என்ஏவுக்கு வேண்டிய ரைபோஸ் சர்க்கரை, 100 டிகிரி செல்சியஸில், நடுநிலை நீரில், 73 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. அதனால்தான் நிலத்தின் வெந்நீர்க் குட்டைகளைச் சிலர் முன்வைக்கிறார்கள். உப்பளப் பாத்தியில் வெயில் ஏற ஏற உப்பு திரள்வதுபோல், குட்டை வற்றும்போது மூலக்கூறுகள் நெருங்கி, நீரை இழந்து சங்கிலியாகும். மறுபடி நனையும்போது கலைந்து கலக்கும்.

ஆழ்கடல் ஊற்றுகளைச் சொல்லும்போது இரண்டு வகையைக் குழப்பாதீர்கள். படங்களில் கரும்புகை கக்கும் ஊற்றுகள் 350 டிகிரியைத் தொடும் அமில நீரை உமிழ்பவை. உயிரின் தோற்றத்துக்குப் பலரும் முன்வைப்பது 2000இல் அட்லாண்டிக் கடலில் கண்டறியப்பட்ட 'லாஸ்ட் சிட்டி' போன்ற காரத்தன்மை ஊற்றுகளை. அங்கே வெப்பம் சுமார் 40 முதல் 90 டிகிரி, பிஎச் 9 முதல் 11. அன்றைய கடல் சற்று அமிலமானது, ஊற்று நீரோ காரமானது. இடையே நுண்துளைப் பாறைச் சுவர். இந்த பிஎச் வேறுபாடே ஓர் ஆற்றல் மூலம். இன்றைய செல்களும் பெரும்பாலும் சவ்வின் இருபுறப் புரோட்டான் வேறுபாட்டைக் கொண்டுதான் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைத் தயாரிக்கின்றன. குட்டையா ஊற்றா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. எழுதுபவர் ஒன்றை வெற்றி பெற்றதாக அறிவிக்கக் கூடாது.

டிஎன்ஏவை நகலெடுக்கப் புரதம் வேண்டும், புரதம் செய்ய டிஎன்ஏவின் தகவல் வேண்டும், எனவே டிஎன்ஏ முதலா, புரதம் முதலா என்று மாணவரைத் திணறடிப்பதும் தேவையற்றது. தகவலைச் சுமக்கும் ஆர்என்ஏவால் வினையை ஊக்கவும் முடியும் என்பதை தாமஸ் செக்கும் சிட்னி ஆல்ட்மனும் கண்டறிந்து 1989இல் நோபல் பெற்றார்கள். செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் அமினோ அமிலங்களை இணைக்கும் இடமே ஆர்என்ஏவால் ஆனது. ரைபோசோமின் கட்டமைப்பை வெளிக்கொணர்ந்ததற்காக 2009 நோபலைப் பகிர்ந்த மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். டிஎன்ஏவுக்கும் புரதத்துக்கும் முன்பு ஆர்என்ஏவே இரு வேலையையும் பார்த்த 'ஆர்என்ஏ உலகம்' ஒன்று இருந்தது, ரைபோசோம் அதன் எச்சம் என்பது வலுவான அனுமானம். ஆனால் "ஆர்என்ஏ உலகம் நிரூபிக்கப்பட்டுவிட்டது" என்று எழுதினால் அது பிழை. நொதியில்லாமல் ஆர்என்ஏவை நகலெடுக்க மக்னீசிய அயனி தாராளமாக வேண்டும். அதே மக்னீசியம், முதல் செல்லைச் சூழ்ந்திருந்ததாகக் கருதப்படும் எளிய கொழுப்பு அமிலச் சவ்வைச் சிதைத்துவிடும். 2013இல் ஜாக் சோஸ்டாக்கின் ஆய்வகம் சிட்ரேட் என்ற சிட்ரிக் அமில உப்பைச் சேர்த்து, சவ்வு சிதையாமலே அந்த நகலெடுப்பைச் சவ்வுக் குமிழுக்குள் நடத்திக்காட்டியது. ஆதிப் பூமியில் அத்தனை சிட்ரேட் எங்கிருந்து வந்திருக்கும் என்ற கேள்வி நிற்கிறது. இந்தக் கேள்வியையும் சேர்த்துச் சொன்னால்தான் பாடம் நேர்மையானது.

முதல் செல்லை ஒரு குட்டி பாக்டீரியாவாக வரைவது பாடநூல் படங்களில் வாடிக்கையாகிவிட்டது. இன்றைய பாஸ்போலிப்பிட் சவ்வில் கடத்துப் புரதங்கள் இல்லாவிட்டால் ஆர்என்ஏவின் கட்டுமானக் கல்லான, மின்னூட்டமுள்ள நியூக்ளியோடைடு உள்ளே நுழைய முடியாது. செல் பட்டினியில் முடங்கும். கொழுப்பு அமிலச் சவ்வு இளகியது, அவற்றை உள்ளே விடும். அதுவும் எல்லா நீரிலும் உருவாகாது. ஒலியிக் அமிலத்தை எடுத்துக்கொண்டால் பிஎச் 8.5ஐ ஒட்டிக் குமிழாகும். வெகுவாகக் குறைந்தால் எண்ணெய்த் துளியாகிவிடும், வெகுவாக ஏறினால் நுண்துகளாகப் பிரியும். மான்ட்மோரில்லோனைட் களிமண் தூவினால் குமிழாவது வேகமெடுக்கும் என்பது 2003இல் தெரிந்தது. களிமண் ஆர்என்ஏவையும் தன்மேல் ஒட்டவைத்துக் குமிழுக்குள் கொண்டுசெல்கிறது.

"நூறு அமினோ அமிலம் கொண்ட புரதம் தற்செயலாகச் சரியாக அமைய 20இன் நூறாம் அடுக்கில் ஒரு வாய்ப்புதான்" என்று சொல்லி, உயிர் தானாகத் தோன்றியிருக்க முடியாது என வாதிடும் கணக்கும் சுற்றிவருகிறது. ஒரே வீச்சில் முழுப் புரதம் உருவானதாக எந்த ஆய்வாளரும் சொல்வதில்லை. தன்னை நகலெடுக்கும் மூலக்கூறு ஒன்று இருந்தால் இயற்கைத் தேர்வு தொடங்கிவிடும். 1967இல் சோல் ஸ்பீகல்மன் ஒரு வைரஸின் ஆர்என்ஏவைச் சோதனைக்குழாயில் 74 முறை மாற்றி மாற்றி நகலெடுக்கவிட்டபோது, வேகமாக நகலாகும் குட்டையான ஆர்என்ஏவே மிஞ்சியது. நீளத்தில் 83 சதவீதம் உதிர்ந்திருந்தது. நகலெடுக்க வைரஸின் நொதியைத்தான் பயன்படுத்தினார் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

லூக்கா எனப்படும், இன்றைய உயிர்கள் அனைத்துக்குமான கடைசிப் பொது மூதாதையை முதல் செல் என்று எழுதாதீர்கள். அதற்கு மரபணுக் குறியீடும் ரைபோசோமும் ஏற்கெனவே இருந்தன. அதற்கு முன்பு நீண்ட வரலாறு உண்டு. முதல் செல்கள் ஆக்சிஜனைச் சுவாசித்ததாகவும் எழுதாதீர்கள். காற்றில் ஆக்சிஜன் கணிசமாகச் சேரத் தொடங்கியதே சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான்.

காலம் குறிப்பிடும்போது, ஆஸ்திரேலியாவின் பில்பாராவில் உள்ள 348 கோடி ஆண்டு பழைய ஸ்ட்ரோமடோலைட்டுகளை (நுண்ணுயிர்ப் படலங்கள் அடுக்கடுக்காகப் படிந்து உருவான பாறைகளை) ஆதாரமாக வையுங்கள். கிரீன்லாந்தின் 370 கோடி ஆண்டுப் பாறையில் 2016இல் கண்டதாகச் சொன்ன அத்தகைய வடிவங்கள் பாறை மடிந்ததால் வந்தவை என்று 2018இல் மறுப்பு எழுந்தது. அந்த எண்ணை எழுதினால் மறுப்பையும் அதே வரியில் எழுதுங்கள்.