கார் கதவை எந்தக் கையால் திறக்கிறீர்கள்?

சாலையோரம் காரை நிறுத்தியதும் வலது கையால் சட்டென்று கதவைத் திறப்பதுதான் நம்மில் பலருக்கும் பழக்கம். பின்னால் சைக்கிளில் வருபவருக்கு பிரேக் பிடிக்கக்கூட நேரம் இருக்காது. கதவில் மோதி ரோட்டில் விழுந்தால், அடுத்து வரும் வண்டி மேலே ஏறிவிடும் ஆபத்து வேறு.

இனிமேல் இடது கையால் திறந்து பாருங்கள். கை குறுக்கே போகும்போது உடம்பு தானாகவே வலப்பக்கம் திரும்பும். பக்கக் கண்ணாடி கண்ணில் படும், அப்புறம் தோளுக்குப் பின்னால் சாலையும் தெரியும். நெதர்லாந்தில் பிரபலமான முறை இது. பிரிட்டன் 2022-ல் தன் சாலை விதிக் கையேட்டிலேயே சேர்த்துவிட்டது.

இடப்பக்கம் இறங்குகிறவர்கள் வலது கையால் திறக்க வேண்டும். சிக்னலில் அவசரமாக இறங்கும்போது இது ரொம்ப முக்கியம், அந்த இடுக்கில்தான் சைக்கிள்கள் நுழைந்து வரும். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

முன்னால் போகும் சைக்கிள்காரர் ஓரத்தை விட்டுத் தள்ளிப் போனால் ஹாரன் அடித்து விரட்டாதீர்கள். நிற்கும் கார்களின் கதவுக்குப் பயந்துதான் அப்படிப் போகிறார். சைக்கிள் ஓட்டுகிறவர்களும் ஒரு மீட்டராவது இடைவெளி விடுங்கள். பிரேக் விளக்கு இப்போதுதான் அணைந்தது, உள்ளே தலை தெரிகிறது என்றால் வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.