ஒரே நீளம், இருமடங்கு எடை: இரண்டு பாய்மரப் படகுகளை ஒப்பிடுவது எப்படி?

பாய்மரப் படகு வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது நீளத்தைத்தான். நீளம் மட்டும் எவ்வளவு குறைவாகச் சொல்லும் என்பதற்கு நல்ல சான்று இந்த இரண்டு படகுகள். டேவிட் சாட்லர் வரைந்து இங்கிலாந்தின் லிமிங்டனில் கட்டப்பட்ட கான்டெஸா 32 ஒன்று. கலிஃபோர்னியாவில் 1970களில் கட்டப்பட்ட வெஸ்ட்செயில் 32 மற்றொன்று. இரண்டுமே 32 அடி, இரண்டுமே பெருங்கடல்களைக் கடந்தவை. ஆனால் ஒன்றின் எடை மற்றொன்றைப் போல இருமடங்கு.

செய்முறைக்கு ஒரு கைபேசிக் கணிப்பானும் ஒரு தாளும் போதும்.

படி 1: எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

கான்டெஸா: நீர்க்கோட்டு நீளம் (படகு நீரைத் தொடும் பகுதியின் நீளம்) 24 அடி, அகலம் 9.5 அடி, எடை 9,500 பவுண்ட், பாய்ப் பரப்பு 562 சதுர அடி.

வெஸ்ட்செயில்: நீர்க்கோட்டு நீளம் 27.5 அடி, அகலம் 11 அடி, எடை 19,500 பவுண்ட், பாய்ப் பரப்பு 629 சதுர அடி.

பாய்ப் பரப்பைக் குறிக்கும்போது கவனம் தேவை. சில அட்டவணைகள் பெரிய முன்பாயைச் சேர்த்துக் கணக்கிடும்; சில சேர்க்காது. எப்படி அளந்தார்கள் என்று பார்க்காமல் ஒப்பிட்டால் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

படி 2: வேகத்தின் உச்சவரம்பு

நீர்க்கோட்டு நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்குங்கள். கான்டெஸாவுக்கு மணிக்கு சுமார் 6.6 கடல் மைல், வெஸ்ட்செயிலுக்கு 7. ஆக, கனமான படகுதான் வேகமானது! காகிதத்தில் மட்டும். அந்த வரம்பைத் தொட எவ்வளவு காற்று வேண்டும் என்பதை அடுத்த கணக்கு சொல்லும்.

படி 3: எடைக்கு ஏற்ற பாய் இருக்கிறதா?

எடையை 64ஆல் வகுங்கள். ஒரு கன அடி கடல்நீரின் எடை 64 பவுண்ட். கிடைத்த எண்ணின் கனமூலத்தைக் கண்டு, அதை வர்க்கப்படுத்துங்கள். பாய்ப் பரப்பை அதனால் வகுங்கள்.

கான்டெஸா: 9,500 ÷ 64 = 148.4. கனமூலம் 5.3, வர்க்கம் 28. 562 ÷ 28 = சுமார் 20.
வெஸ்ட்செயிலுக்கு இதே கணக்கில் வருவது சுமார் 13.9.

20ஐ ஒட்டி வரும் படகு இளங்காற்றிலும் நகரும். 14க்குக் கீழே என்றால், மெல்லிய காற்று வீசும் நாட்களில் எஞ்சினைத் தேட வைக்கும். வெஸ்ட்செயிலைக் கேலி செய்பவர்கள் அதை நத்தை என்றே அழைத்தார்கள். வலுவான வணிகக் காற்று முதுகில் வீசும்போது அந்தக் கேலி எடுபடாது.

படி 4: உடல் படும் பாடு

அலையில் படகு எவ்வளவு வெடுக்கென்று ஆடும் என்பதைக் கணிக்க வடிவமைப்பாளர் டெட் ப்ரூவர் ஒரு சூத்திரம் தந்திருக்கிறார். அதில் எடையும் அகலமும் முக்கியம். அந்தக் கணக்கில் கான்டெஸா சுமார் 27, வெஸ்ட்செயில் சுமார் 42. எண் கூடக்கூட ஆட்டம் மெதுவாகும், வயிறு பிழைக்கும்.

இதைப் பாதுகாப்பின் அளவுகோலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கிலாந்திலிருந்து புறப்படும் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் 1979இல் புயல் தாக்கி, பங்கேற்ற மாலுமிகளில் 15 பேர் இறந்தார்கள். சிறிய படகுகளின் பிரிவில் பந்தயத்தை முடித்த ஒரே படகு ‘அசென்ட்’ என்ற கான்டெஸா 32தான். ஒல்லியான உடலும், எடையில் 47 சதவீதம் கீழே கீலில் (படகு கவிழாமல் காக்கும், அடியில் உள்ள கனமான துடுப்பு போன்ற பகுதி) இருப்பதும் கைகொடுத்தன. வெஸ்ட்செயிலும் சளைத்ததல்ல. 1991 புயலில் ஆட்கள் மீட்கப்பட்ட பின் கைவிடப்பட்ட ‘சடோரி’ என்ற படகு, தானாக மிதந்து கரை ஒதுங்கியது.

படி 5: சாமான்களை ஏற்றிவிட்டுக் கணக்கிடுங்கள்

பெரும்பாலான ஒப்பீடுகள் தவறவிடும் படி இது. விளம்பரத் தாளில் இருப்பது வெறும் படகின் எடை. குடிநீர், டீசல், நங்கூரச் சங்கிலி, மின்கலங்கள், அரிசி, புத்தகங்கள் எல்லாம் ஏறினால் 2,000 பவுண்ட் சாதாரணமாகச் சேரும். அதைச் சேர்த்துப் படி 3ஐ மறுபடி போடுங்கள். கான்டெஸா 20இலிருந்து சுமார் 17.6க்கு இறங்கிவிடும். வெஸ்ட்செயில் 13.9இலிருந்து 13க்கு மட்டுமே இறங்கும். முன்னதற்கு இந்தச் சுமை சொந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு. பின்னதற்குப் பத்தில் ஒரு பங்கு. படகிலேயே குடியிருக்கப் போகிறவர் இந்த எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

படி 6: உள்ளே போய்ப் படுத்துப் பாருங்கள்

இனி கணிப்பானை மூடிவிடலாம். வெஸ்ட்செயிலின் படியில் இறங்கினால் வீட்டுக்குள் நுழைந்த உணர்வு வரும்: 11 அடி அகலம், நிமிர்ந்து நிற்க இடம், ஆழமான அலமாரிகள். துறைமுகத்தில் மாதக்கணக்கில் வாழ இதுதான் சுகம். கான்டெஸாவில் இருவர் எதிரெதிரே நடந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். தளமும் தாழ்ந்தது, எதிர்காற்றில் போனால் மேலே இருப்பவர் நனைவார். ஆனால் காற்று வரும் திசைக்கு நெருக்கமாகத் திரும்பிப் போவதில் அதை வெஸ்ட்செயில் எட்டாது.

படுக்கையில் படுத்து முழங்காலை மடக்கிப் பாருங்கள். படகு சாயும்போது உடல் உருளாமல் இரு பக்கமும் அணை இருக்கிறதா? துறைமுகத்தில் குறுகலாகத் தெரிவதே கடலில் தூக்கம் தரும். அடுப்பின் முன் நின்று, ஒரு கையில் பாத்திரம் இருந்தால் மறு கை எதைப் பிடிக்கும் என்று தேடுங்கள். எஞ்சினைப் பின்னோக்கி இயக்கிக் காட்டவும் சொல்லுங்கள். அடிப்பாகம் முழுவதும் கீல் ஓடும் வெஸ்ட்செயிலை நெருக்கடியான படகுத்துறையில் பின்னால் எடுக்கத் தனிப் பொறுமை வேண்டும்.

என் தேர்வு: வார இறுதிப் பயணமும் ஆண்டுக்கொரு நீண்ட ஓட்டமும் என்றால் கான்டெஸா, வீட்டைக் காலி செய்துவிட்டுப் படகில் குடியேறுபவருக்கு வெஸ்ட்செயில்.

பழைய வெஸ்ட்செயில் வாங்கும்போது மட்டும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். பல படகுகளை வெறும் கூடாக வாங்கிச் சென்று உரிமையாளர்களே உள்வேலையை முடித்தார்கள். அதனால் ஒரு படகின் தச்சு வேலை மற்றொன்றில் இருக்காது. உங்கள் கையில் வரும் படகை முடித்தது யார் என்று தெரிந்துகொண்டு, மின்கம்பிகளையும் தளத்தின் ஓரத் திருகுகளையும் மதிப்பீட்டாளரைக் கொண்டு திறந்து பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.