சுளகு, கடகம், ஓலைப்பெட்டி: காற்றும் பட வேண்டும், கண்ணிலும் பட வேண்டும்

மட்டக்களப்புப் பக்கம் கூடை சேர்க்க வேண்டும் என்று யாரும் திட்டம்போட்டுத் தொடங்குவதில்லை. அம்மம்மா பிட்டு அவித்த நீத்துப்பெட்டி, கலியாண வீட்டுப் பலகாரம் வந்த மூடுபெட்டி, கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் வழியில் வேவல்தெனியாவில் இறங்கி வாங்கிய பிரம்புக்கூடை என்று அதுபாட்டுக்குச் சேர்ந்துவிடும். பிறகு எல்லாவற்றையும் ஒன்றுக்குள் ஒன்று செருகி அலுமாரிக்கு மேலே ஏற்றிவிடுவோம். மாரி முடிந்து இறக்கினால் பூஞ்சணம் மணக்கும். எங்கள் ஊரில் கூடைக்கு முதலில் வேண்டியது காற்று. அதைக் கொடுத்தால் அழகுக்குத் தனியாக மினக்கெடத் தேவையில்லை.

படி 1: இறக்கி, பிரித்து, துடைத்தல்

எல்லாவற்றையும் விறாந்தையில் பரப்புங்கள். பனையோலை, பன் (பாய் இழைக்கும் புல்), பிரம்பு, மூங்கில் என்று வேறாக்குங்கள். காய்ந்த பெயின்ட் பிரஷால் பின்னல் இடுக்கிலுள்ள தூசியைத் தட்டிவிட்டு, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் சாயம் வெளிறும், ஓலையும் மொறுமொறுத்துப் போகும்.

நசிந்துபோன ஓலைப்பெட்டியைக் காய்ந்தபடி நிமிர்த்தினால் வெடிக்கும். லேசாகத் தண்ணீர் தெளித்து, ஓலை இளகியதும் உள்ளே பழைய பேப்பரைச் சுருட்டி அடைத்து, வடிவத்துக்குக் கொண்டுவந்து உலரவிடுங்கள். பேப்பர் ஈரமானால் மாற்றுங்கள்.

பிரம்பிலோ மூங்கிலிலோ ஊசிமுனை அளவு ஓட்டையும், அடியில் மாப்போன்ற தூளும் கண்டால் வண்டு இருக்கிறது. அதைப் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, டீப் ஃப்ரீசரில் ஒரு கிழமை வைக்கலாம். வெளியே எடுத்தவுடன் பையைத் திறக்காதீர்கள். குளிர் விட்டுப் போகும்வரை ஒரு நாள் அப்படியே இருக்கட்டும், இல்லாவிட்டால் கூடை வியர்த்துவிடும்.

படி 2: தட்டையானவை சுவருக்கு

சுளகு, இடியப்பத்தட்டு போன்றவற்றுக்குச் சுவர்தான் இடம். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரை விட்டு, உள்சுவரைத் தெரிவுசெய்யுங்கள். முதலில் நிலத்தில் அடுக்கிப் பாருங்கள்: பெரிய சுளகு நடுவிலிருந்து சற்று விலகி இருந்தால்தான் பார்க்க நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம். கல்லடி, காத்தான்குடி போல ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக உள்ள இடங்களில் இரும்பாணி விரைவில் துருப்பிடித்து ஓலையில் கறையேற்றும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணியோ பித்தளைக் கொக்கியோ போடுங்கள். சுளகின் பின்னால் இரண்டு சிறிய மரத்துண்டுகளைக் கட்டிவிட்டால் சுவருக்கும் அதற்கும் இடையே காற்று போகும்.

படி 3: குழிவானவை உறிக்கு

பிடியில் தொங்கவிட்டால் கூடையின் முழுப் பாரமும் அந்த இரண்டு பொருத்துகளில்தான் விழும். பழைய கூடைகள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் விடுபடும். முந்தி தயிர்ச்சட்டியைப் பூனைக்கு எட்டாமல் வைத்த உறியோ அடியிலிருந்து தாங்கும். அதையே கட்டுவோம்.

20 சென்ரிமீற்றர் அகலப் பெட்டிக்கு, 3 மீற்றர் நீளத்தில் நான்கு நூல்கயிறுகள் போதும். விறாந்தையில் தொங்கவிடுவதானால் தும்புக்கயிறு நல்லது, ஈரத்தைத் தாங்கும்.

நான்கையும் சேர்த்துச் சரிபாதியாக மடித்து, மடிப்பில் கைவிரல் நீளத்துக்கு ஒரு வளையம் விட்டு இறுக்கி முடியுங்கள். வளையத்தை யன்னல் கம்பியில் மாட்டினால் எட்டு இழைகள் தொங்கும். அவற்றை இரண்டிரண்டாக நான்கு சோடியாக்குங்கள். மேல் முடிச்சிலிருந்து 60 சென்ரிமீற்றர் கீழே ஒவ்வொரு சோடிக்கும் ஒரு முடிச்சு. நான்கும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும், பிசகினால் பெட்டி சரியும்.

அதற்கு 12 சென்ரிமீற்றர் கீழே, ஒரு சோடியின் வலது இழையையும் பக்கத்துச் சோடியின் இடது இழையையும் சேர்த்து முடியுங்கள். சுற்றிவந்து கடைசி இழையை முதல் இழையோடு இணைத்தால் வலைபோல வந்துவிடும். மேலும் 15 சென்ரிமீற்றர் கீழே எட்டையும் ஒன்றாக இறுக்குங்கள். எங்கள் ஓலைப்பெட்டிகளுக்கு வாய் வட்டமானாலும் அடி சதுரம்தானே. கீழ்வரிசை முடிச்சுகள் நான்கும் நான்கு மூலைகளுக்கு நேரே வரும்படி வைத்தால் பெட்டி அசையாது.

ஓட்டு வீடென்றால் கைமரத்தில் கட்டலாம். அடுப்புக்கு மேலே மட்டும் வேண்டாம், எண்ணெய்ப் புகை ஓலையில் படிந்தால் போகாது.

படி 4: மிச்சமானவை

கடகம் பாரமானது, அதை நிலத்திலிருந்து சற்று உயர்ந்த பலகையில் வைத்து வெங்காயமோ தேங்காயோ போட்டுப் புழங்குங்கள். சும்மா கிடக்கும் கடகத்தைவிட நாளாந்தம் கைபடும் கடகத்தில் பூச்சி வந்தால் உடனே தெரியும். கட்டாயம் ஒன்றுக்குள் ஒன்று வைக்கத்தான் வேண்டுமென்றால் இடையே பழைய மருதமுனைக் கைத்தறிச் சாரத்தைக் கிழித்துப் போடுங்கள். மூன்றுக்கு மேல் அடுக்க வேண்டாம். மூடுபெட்டிகளின் மூடியைச் சற்றுச் சரித்து வையுங்கள்.

ஐப்பசியில் மழை பிடிக்க முன்னர் எல்லாவற்றையும் ஒருதரம் இறக்கித் தட்டுங்கள். அடைமழை நாட்களில் சுவரைத் தொட்டுப் பாருங்கள். கையில் ஈரம் தெரிந்தால் சுளகுகளைக் கழற்றி, வெயில் வரும்வரை உறிக் கயிறுகளுக்கு இடையே செருகி வைக்கலாம்.