வீடு வாங்கும்போது எதை விடலாம், எதை விடக்கூடாது

சென்னைப் புறநகரில் உள்ள செம்பாக்கத்தில் நாங்கள் பார்த்த ஐந்தாவது வீடு அது. மூன்றாவது மாடி, ஏரியைப் பார்த்த பால்கனி, சாயங்காலக் காற்று. என் கணவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நகரவே இல்லை. மகள் தன் அறை எது என்று முடிவே செய்துவிட்டாள். அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கலாம் என்று படி இறங்கும்போதே பேசிக்கொண்டு வந்தோம். கீழே வாட்ச்மேன் நாற்காலியில் அத்தை உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோனவை. லிஃப்ட் இல்லாததால் மேலே வரவே இல்லை. "வீடு நல்லா இருக்கா?" என்று எங்களைக் கேட்டார். குடிவரப்போகிற நான்கு பேரில் ஒருவரால் அந்த வீட்டைப் பார்க்கக்கூட முடியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று ராத்திரி உட்கார்ந்து பட்டியல் போட்டோம். அப்புறம் இன்னும் பதினெட்டு வீடு பார்த்து, ஒன்றை வாங்கினோம். பட்டியலை எப்படிப் போடுவது, போட்டதை புரோக்கர் முன்னால் எப்படிக் காப்பாற்றுவது என்று அடிபட்டுக் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்ப்பவள். நடுநடுவே கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தனித்தனித் தாள்

வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தனித் தாளில், அடுத்தவருக்குக் காட்டாமல் எழுத வேண்டும். சேர்ந்து உட்கார்ந்தால் சத்தமாகப் பேசுகிறவருடைய ஆசைதான் பட்டியலாகும். எங்கள் வீட்டில் அது நான். அத்தைக்குக் கை நடுங்கும், அதனால் அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். நான்கு தாளையும் சேர்த்தால் 31 வரி. கார் நிறுத்த இடம், கிழக்கு வாசல், நடந்துபோகிற தூரத்தில் கோயில், மூன்று படுக்கையறை, மாடுலர் கிச்சன், ஈசானி மூலையில் கழிப்பறை இல்லாமல் இருப்பது, இப்படி. ஒன்பதாவது படிக்கும் மகள் எழுதியது இரண்டே வரி: "கதவு சாத்திக்கிற மாதிரி ஒரு ரூம். பக்கத்து வீட்டு டிவி கேக்கக் கூடாது."

முப்பத்தொன்றும் இருக்கிற வீட்டை வாங்க எங்களிடம் பணம் இல்லை. அதனால் ஒவ்வொரு வரியிடமும் இரண்டு கேள்வி கேட்டோம்.

வாங்கிய பிறகு பணம் போட்டு இதைச் சரிசெய்ய முடியுமா? முடியும் என்றால் அடித்துவிடலாம். டைல்ஸ், பெயின்ட், அலமாரி, கிரில், கிச்சன், கழிப்பறையின் ரகம் எல்லாம் இந்த ஒரு கேள்வியில் போயின. லிஃப்ட், தெருவின் அகலம், பக்கத்துக் கட்டடத்துக்கும் நமக்கும் உள்ள இடைவெளி, நிலத்தடி நீர், நிலத்தில் நமக்கு உள்ள பங்கு, ஸ்டேஷனுக்கு உள்ள தூரம் ஆகியவை நின்றன. இவற்றை எந்த மேஸ்திரியாலும் மாற்ற முடியாது.

இது இல்லாவிட்டால் வருடத்தில் எத்தனை நாள் கஷ்டப்படுவோம்? மூன்றாவது படுக்கையறை இங்கேதான் விழுந்தது. ஊரிலிருந்து என் அண்ணன் குடும்பம் வந்து தங்குவது வருடத்தில் ஆறு நாள். அதற்காக 130 சதுர அடி கூடுதலாக வாங்க வேண்டும். நாங்கள் பார்த்த வீடுகளில் சதுர அடி 6,500 ரூபாய் சொன்னார்கள். ஆக 8,45,000 ரூபாய். அண்ணனிடம் இதைச் சொன்னேன். "அதுல பாதியை என்கிட்ட குடு, நான் வராமலே இருந்துடறேன்" என்றார்.

வாஸ்துவைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு நம்பிக்கை கிடையாது, அத்தைக்கு உண்டு. இதை விவாதமாக்கினால் வீடு வாங்குவது நின்றுவிடும். "அத்தை, ஒன்றே ஒன்று கேளுங்கள், அதை மீற மாட்டோம்" என்றேன். இரண்டு நாள் யோசித்து, அடுப்படி அக்னி மூலையில் இருக்க வேண்டும் என்றார். கிழக்கு வாசலை அவரே விட்டுக்கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்காமல் ஏற்கப்படும் ஒரு வரி உண்டு என்று அன்றைக்கு வைத்துக்கொண்டோம். அந்தப் பதினெட்டு வீட்டிலும் அதனால்தான் சண்டை வரவில்லை என்று நினைக்கிறேன். சரி, பெரிய சண்டை வரவில்லை.

31 வரி ஒன்பதாகக் குறைந்தது.

மார்க் போடாதீர்கள்

இதில் நான் ஒரு தப்பு செய்தேன். கணக்குப்பிள்ளை புத்தி, எக்செல்லில் ஒரு தாள் திறந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு வரிக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டேன். முதலிடம் பிடித்தது எது தெரியுமா? லிஃப்ட் இல்லாத அதே செம்பாக்கம் வீடு. லிஃப்டுக்குப் பூஜ்யம்தான், ஆனால் பால்கனி, வெளிச்சம், காற்று, அகலமான ஹால் எல்லாம் சேர்ந்து அந்தப் பூஜ்யத்தை விழுங்கிவிட்டன. கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அத்தை மட்டும் கீழேயே உட்கார்ந்திருப்பார்.

அப்போதுதான் முறையை மாற்றினோம். அந்த ஒன்பது வரிக்கும் மார்க் கிடையாது, உண்டு அல்லது இல்லை என்பதுதான். ஒன்று இல்லை என்றாலும் வீடு வெளியே. ஒன்பதையும் தாண்டி வந்த வீடுகளுக்குள் எது நன்றாக இருக்கிறது என்று பார்க்கும்போது பால்கனியையும் டைல்ஸையும் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.

அப்படிச் செய்ய வேண்டுமானால் ஒவ்வொரு வரியும் உண்டு, இல்லை என்று பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். "ஸ்டேஷன் பக்கம்" என்று எழுதினால் எந்த வீடும் பக்கம்தான். புரோக்கருக்குப் பல்லாவரத்திலிருந்து பம்மல்கூடப் பக்கம். நாங்கள் எழுதியது: "நான் வேலை முடிந்து வருகிற ஏழு மணிக்கு, ஸ்டேஷனிலிருந்து நடந்து 15 நிமிடம், தெருவிளக்கு உள்ள வழியில்." எனக்கு வேலை கிண்டியில், என் கணவருக்கு மறைமலை நகரில். அதனால் தாம்பரத்தை ஒட்டிய ஸ்டேஷன்கள்தான் எங்களுக்கு நடுவாக அமைந்தன. "பெரிய வீடு" என்று எழுதாமல், கார்பெட் ஏரியா, அதாவது சுவருக்குள் நாம் புழங்குகிற இடம், 620 சதுர அடிக்குக் குறையக் கூடாது என்று எழுதினோம். விளம்பரத்தில் வருவது சூப்பர் பில்டப். படிக்கட்டிலும் லிஃப்ட் குழியிலும் நம் பங்கைச் சேர்த்துச் சொல்கிற எண் அது. 840 என்று சொன்ன ஒரு வீட்டில் சுவருக்குள் அளந்தால் 640தான் வந்தது. அளவு டேப்பைக் கையோடு கொண்டு போங்கள்.

கூடவே கூடாதவை

வேண்டாத பட்டியல் வேறு, அதற்குச் சோதனையும் வேறு. "விலையில் ஐந்து லட்சம் குறைத்தால் இதைப் பொறுத்துக்கொள்வோமா?" என்று கேட்டுப் பாருங்கள். பொறுத்துக்கொள்வோம் என்றால் அது பேரம் பேசுகிற சமாச்சாரம், இந்தப் பட்டியலில் அதற்கு இடமில்லை. எத்தனை குறைத்தாலும் வேண்டாம் என்பது மட்டும்தான் இங்கே வரும். எங்களுக்கு மூன்று தேறின.

முதலாவது பத்திரம். குரோம்பேட்டையில் ஒரு வீடு, அக்கம்பக்கத்து விலையைவிடப் பன்னிரண்டு லட்சம் குறைவு. ஒன்பது வரியும் தேறியது. அங்கீகாரம் பெற்ற வரைபடத்தை வாங்கிப் பார்த்தால் கார் நிறுத்தத்துக்கு மேல் இரண்டு மாடிதான் இருக்கிறது. எங்களுக்குக் காட்டியது மூன்றாவது மாடி. "எல்லாரும் இப்படித்தான் மேடம் கட்டுறாங்க" என்று பதில் வந்தது. கட்டட வரைபடத்தில் இல்லாத வீட்டை வாங்குவதில்லை என்று எழுதி வைத்திருந்ததால் அரை மணியில் முடிவெடுத்தோம். அதோடு, உரிமையாளரை நேரில் பார்க்க முடியாமல் பவர் பத்திரத்தை வைத்து விற்கிற வீடு, தாய்ப் பத்திரத்தின் (சொத்தின் முந்தைய மூலப் பத்திரம்) நகலைக் காட்ட மறுக்கிற வீடு, இரண்டும் வேண்டாம் என்று வைத்தோம். சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டுகிற வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே எடுக்கலாம். நாங்கள் 30 வருடத்துக்கு எடுத்தோம். பிரிக்கப்படாத நிலப் பங்கு, அதாவது கட்டடம் நிற்கிற மொத்த நிலத்தில் நம் பங்கு எவ்வளவு என்பதைப் பத்திரத்தில் நீங்களே படியுங்கள், வாயால் சொல்வதை நம்பாதீர்கள். புதுக் கட்டடம் என்றால் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாத, அல்லது எட்டு வீட்டுக்கு மேல் போகாத திட்டங்களுக்கு அந்தப் பதிவு கட்டாயமில்லை. புறநகரில் நாம் பார்க்கிற ஆறு வீட்டுக் கட்டடங்கள் பலவும் இதில் வந்துவிடும். ஆகவே அங்கே நம் வக்கீல்தான் நமக்கு ரெரா.

இரண்டாவது தண்ணீர், இரண்டு விதத்திலும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தரைத்தளத்துக்குள் தண்ணீர் வந்த கட்டடம் வேண்டாம். மாடியில் இருந்தால் என்ன என்று கேட்பார்கள். மோட்டாரும் மீட்டர் பெட்டியும் சம்ப் என்கிற நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியும் கீழேதான் இருக்கின்றன, அத்தையும் கீழே இறங்கித்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதை விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள். "இங்க வெள்ளம் வந்துச்சா?" என்று கேட்காமல், "உங்க வண்டியில எதுவரைக்கும் ஏறிச்சு?" என்று கேளுங்கள். கையைத் தொடையிலோ இடுப்பிலோ வைத்துக் காட்டிவிடுவார். அப்புறம் வாசலைப் பாருங்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, தெருவைவிட வீடு தாழ்ந்துபோன இடங்கள் இங்கே ஏராளம். ஒரு கட்டடத்தில் மீட்டர் பெட்டியை மட்டும் புதிதாக ஆளுயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். அதற்கு மேல் நாங்கள் எதையும் கேட்கவில்லை.

வெள்ளத்துக்கு நேர்எதிரானது 2019 கோடை. சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் கிட்டத்தட்ட வறண்டுபோன வருடம். தண்ணீர் லாரிக்காக வேலைக்கு லீவு போட்ட ஞாபகம் எங்கள் எல்லாருக்கும் இருக்கிறது. அசோசியேஷன் கணக்கு நோட்டைக் காட்டச் சொல்லி, மே மாதம் எத்தனை லாரி வாங்கினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நோட்டு கிடைக்காவிட்டால் குழாய் முனையைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தால் போர் தண்ணீரின் உப்பு தெரிந்துவிடும்.

மூன்றாவது பணம். இரண்டு மாதம் 65 லட்சத்து வீடுகளைப் பார்த்துக்கொண்டு திரிந்தோம், அது எங்கள் கைக்கு எட்டாது என்று தெரியாமல். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் வங்கி அதிகபட்சம் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி, பத்திரச் செலவு அந்த மதிப்பில் சேராது. மறுவிற்பனை வீட்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். புரோக்கருக்கு ஒரு சதவீதம். ஆக விலையில் 30 சதவீதம் கையில் ரொக்கமாக வேண்டும். எங்களிடம் இருந்தது 18 லட்சம். வீடு மாறுவது, வக்கீல், சில்லறை ரிப்பேர் என்று ஒன்றரை லட்சத்தை எடுத்து வைத்தேன். மிச்சம் 16.5 லட்சத்தை 0.30 ஆல் வகுத்தால் 55 லட்சம். அதற்கு ஒரு ரூபாய் மேல் என்றாலும் போய்ப் பார்ப்பதே இல்லை என்று எழுதினேன். இந்த வரியை எழுதிய பிறகு என் கணவர் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. (விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், விற்பவருக்குக் கொடுப்பதில் ஒரு சதவீதத்தைப் பிடித்து வருமான வரிக்கு நாம்தான் கட்ட வேண்டும். கூடுதல் செலவு இல்லை, ஆனால் மறந்தால் அபராதம்.)

தாளை எப்போது திருத்தலாம்

வீட்டுக்குள் நிற்கும்போது கூடாது. புரோக்கர் பக்கத்தில் இருக்கும்போது கூடாது. வீட்டுக்கு வந்து, ஒரு ராத்திரி தூங்கி எழுந்து, நான்கு பேரும் சேர்ந்து ஒப்புக்கொண்டால் மட்டும் திருத்தலாம். ஒரே ஒரு தடவைதான் நாங்கள் திருத்தினோம். பல்லாவரத்தில் ஒரு வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் விமானம் போனது, என் கணவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் இன்னொன்று. அவர் ரசித்தார். மகள் காதைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நாள் அவளுடைய டிவி வரியைத் திருத்தி, "ஜன்னலைச் சாத்தினால் படிக்க முடிய வேண்டும்" என்று மாற்றினோம்.

போன் வந்ததும் முதலில் ஆறு கேள்வி கேட்டுவிடுவேன்: லிஃப்ட், விலை, கார்பெட் ஏரியா, வரைபடத்தில் எத்தனை மாடி, உரிமையாளர் ஊரில் இருக்கிறாரா, அடுப்படி எந்த மூலை. பாதி வீடு போனிலேயே கழிந்துவிடும். "மேடம், நேர்ல வந்து பாருங்க, பிடிச்சுப் போயிடும்" என்பார்கள். அதுதான் பயமே என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

கடைசியில் தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் வாங்கினோம். இரண்டாவது மாடி, லிஃப்ட் உண்டு, 54 லட்சம். ஹால் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். என் கணவர் இன்னமும் செம்பாக்கம் ஏரியைப் பற்றிப் பேசுவார். அத்தை தினமும் சாயங்காலம் தானே லிஃப்டில் இறங்கிப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்வருகிறார். நாங்கள் நான்கு பேர், 31 வரி எழுதினோமே, துணி காயப்போடுகிற இடம் என்று ஒருவரும் எழுதவில்லை. மொட்டை மாடிக்குச் சாவி அசோசியேஷனிடம் இருக்கிறது, மழைக்காலத்தில் ஹாலில் குறுக்கே கயிறு கட்டியிருக்கிறேன். உங்கள் தாளில் அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.