பாதி வழியில் மனசு முனகினால்

நீண்ட ஓட்டத்தில் பாதி தாண்டியதும் "இதெல்லாம் எதுக்கு?" என்று மனசு முனக ஆரம்பிக்கும். மன உறுதி வேண்டும் என்றார்கள் கூட ஓடுபவர்கள். எனக்கென்னவோ வயிற்றின் மேல்தான் சந்தேகம். தசையில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன், அதாவது உடல் சேமித்து வைக்கும் சர்க்கரை, ஒன்றரை, இரண்டு மணி நேர ஓட்டத்தில் வெகுவாகக் குறைந்துவிடும். ரத்தச் சர்க்கரையும் இறங்கினால் எரிச்சலும் சலிப்பும் தானாக வரும்.

இப்போது கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம். ஓட்டம் நீளும் என்று தெரிந்தால், கொட்டை நீக்கிய சின்ன பேரீச்சம்பழங்களை இடுப்புப் பையில் போட்டுக்கொள்வேன். பசிக்கும்வரை காத்திருப்பதில்லை. அரை மணிக்கு ஒருமுறை கைக்கடிகாரம் அதிரும். உடனே இரண்டு மூன்று பழம், இரண்டு மிடறு தண்ணீர். மணிக்கு 30 முதல் 60 கிராம் கார்போஹைட்ரேட் என்பது பொதுவான கணக்கு. வேர்க்கடலை நல்லதுதான், ஆனால் கொழுப்பு செரிக்க நேரமாகும். அது ஓடி முடித்த பிறகு.

சரி, அப்படியும் மனசு முரண்டு பிடிக்கும் நாள் உண்டு. அன்றைக்கு மிச்சக் கிலோமீட்டரை எண்ணாமல், அடுத்த அதிர்வு வரைக்கும் மட்டும் என்று அதனிடம் பேரம் பேசுவேன். பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் நடந்தே வீடு திரும்புவேன்.